சிலிர்ப்பு வேறு, ஆபத்து வேறு: மோட்டார் சைக்கிளின் இயற்பியல்



கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் செல்லும் சாலையோரத்தில் ஒரு மாலை வேளையில் நின்று பாருங்கள். இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல் காடு. பருத்தியும் கம்பும் உளுந்தும் விளையும் மானாவாரி நிலம். நடுவே கோடு கிழித்தாற்போல் சாலை. பள்ளி விட்டுச் சைக்கிளில் வீடு திரும்பும் மாணவர்களைக் கடந்து ஒரு மோட்டார் சைக்கிள் சீறிப் பாய்கிறது. ஓட்டுபவனுக்குப் பதினாறு, பதினேழு வயதிருக்கலாம். பின்னால் உட்கார்ந்திருப்பவன் இரு கைகளையும் உயர்த்திக் கூவுகிறான். சைக்கிளை மிதித்துக்கொண்டிருக்கும் உங்கள் மனம் ஒரு வினாடி அவர்கள் பின்னே ஓடுகிறது அல்லவா? அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் வயதில் என் மனமும் ஓடியது.

மோட்டார் சைக்கிள் நல்ல வாகனம். 1980ஆம் ஆண்டில் டிவிஎஸ் 50 மொபெட் வந்த பிறகு நம் பக்கத்துச் சம்சாரிகள் பலருக்கு அதுவே வண்டியும் மாடுமாக ஆயிற்று. விதை மூட்டையும் உர மூட்டையும் பால் கேனும் ஆட்டுக்குட்டியும்கூட அதில் ஏறிப் பயணம் செய்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆகவே வண்டியைப் பழிப்பது நம் நோக்கமன்று.

"வேகமாகப் போகாதே!" என்று வீட்டில் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால், "ஆபத்து" என்பார்கள். பேச்சு அத்துடன் முடிந்துவிடும். இயற்பியல் படிக்கும் நமக்கு அது போதாது. வண்டியில் போகும்போது உடம்பு ஏன் சிலிர்க்கிறது? ஆபத்து எதைப் பொறுத்துக் கூடுகிறது? இவ்விரண்டு கேள்விகளுக்கும் தனித்தனியே விடை தேடினால் ஒரு விந்தையான உண்மை தெரியவரும். நமக்குச் சிலிர்ப்பூட்டுவது ஓர் அளவு. நம்மைக் கொல்வது வேறோர் அளவு.

உடம்புக்கு வேகம் தெரியுமா?

இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டு நீங்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பதாக நினைக்கிறீர்கள். ஆனால் பூமி சுழல்கிறது. கோவில்பட்டியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 1,650 கி.மீ. வேகத்தில் கிழக்கு நோக்கிச் சென்றுகொண்டே இருக்கிறார். எந்த மோட்டார் சைக்கிளும் எட்டாத வேகம் அது. உடம்பு சிலிர்க்கிறதா? இல்லை.

சீராகச் செல்லும் கப்பலின் உள்ளறையில் இருப்பவனுக்குக் கப்பல் ஓடுகிறதா, நிற்கிறதா என்று தெரியாது என 1632ஆம் ஆண்டிலேயே கலிலியோ எழுதினார். மாறாத வேகத்தை உணர நம் உடம்பில் உறுப்பே கிடையாது. உட்செவியில் கூழ் போன்ற ஒரு படலம் இருக்கிறது. அதன்மேல் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டியிருக்கின்றன. வேகம் மாறும்போது, நிலைமம் காரணமாக அத்துகள்கள் பின்தங்கும், படலம் வளையும், அடியிலுள்ள மயிரிழை போன்ற செல்கள் மூளைக்குச் செய்தி அனுப்பும். வேகம் சீரானதும் படலம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், செய்தியும் நின்றுபோகும். பேருந்து கிளம்பும்போது பின்னால் சாய்கிறீர்கள், பிரேக் போட்டால் முன்னால் விழப் பார்க்கிறீர்கள், நடுவே தூங்கிவிடுகிறீர்கள்! காரணம் இதுதான்.

ஆக, உடம்பு உணர்வது வேகத்தையன்று, முடுக்கத்தை. கைப்பிடியை முறுக்கியதும் வயிற்றில் ஏதோ இழுப்பதுபோல் தோன்றுகிறதே, அது முடுக்கம். உடனே அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. அதைத்தான் "திரில்" என்கிறோம்.

"அப்படியானால் ஓடும் வண்டியில் வேகம் தெரிகிறதே?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. காற்று முகத்தில் அறைகிறது, எஞ்சின் இரைகிறது, சாலையோரப் பொருள்கள் பின்னோக்கி ஓடுகின்றன. இவற்றைக் கொண்டு மூளை வேகத்தை ஊகிக்கிறது. ஊகம் தவறவும் கூடும். புளியமரங்கள் அடர்ந்த குறுகிய சாலையில் 50 கி.மீ. வேகமே அதிகமாகத் தோன்றும். ஒவ்வொரு மரமும் சர்ரென்று பின்னால் போகும். மரமற்ற கரிசல் வெளியிலும் அகன்ற நாற்கரச் சாலையிலும் கண்ணுக்குப் படுவது தொலைவிலுள்ள காற்றாலையும் அடிவானமும்தான். அவை அசைவதாகவே தோன்றா. அங்கே 80 கி.மீ. வேகமும் ஊர்வதுபோல் இருக்கும். நம் பக்கத்து நேர்ச்சாலைகளின் முதல் ஏமாற்று வித்தை இது.

முதல் இருபதும் நான்காம் இருபதும்

இனி ஒரு சிறு கணக்கு. வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 180 கிலோ நிறை என்று கொள்வோம். இயக்க ஆற்றல், நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி வருவது. நின்ற நிலையிலிருந்து 20 கி.மீ. வேகத்தை அடையும்போது வண்டி பெறும் ஆற்றல் சுமார் 2,800 ஜூல். 60 கி.மீ. வேகத்திலிருந்து 80 கி.மீ. வேகத்தை அடையும்போது கூடுதலாகப் பெறும் ஆற்றலோ சுமார் 19,400 ஜூல். இரண்டிலும் வேகம் கூடியது 20 கி.மீ. தான். ஆற்றல் கூடியதோ ஏழு மடங்கு! எண்கள் நினைவில் நிற்காவிட்டால் வர்க்கங்களை மட்டும் பாருங்கள்: 80இன் வர்க்கம் 6,400, 60இன் வர்க்கம் 3,600, வித்தியாசம் 2,800. 20இன் வர்க்கம் 400. ஏழு மடங்கு.

சிலிர்ப்பும் ஏழு மடங்கு கூடியதா? இல்லை. எஞ்சினின் திறன் என்பது அது தரும் விசையையும் வண்டியின் வேகத்தையும் பெருக்கி வருவது. திறனுக்கு ஓர் எல்லை உண்டு. ஆகவே வேகம் கூடக்கூடச் சக்கரத்தில் கிடைக்கும் விசை குறைகிறது. போதாததற்குக் காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடி எதிர்க்கிறது. எனவே முதல் இருபதை எட்ட ஓரிரு வினாடி போதும். நான்காம் இருபதை எட்ட அதைவிடப் பல வினாடிகள் ஆகும். முடுக்கம் குறைந்துவிட்டது. முடுக்கம் குறைந்தால் சிலிர்ப்பும் குறையும்.

இதுதான் நான் சொல்ல வந்த செய்தி. வேகம் ஏற ஏறச் சிலிர்ப்பு தேய்கிறது, ஆபத்து வளர்கிறது. தேய்ந்த சிலிர்ப்பை மீண்டும் பெற ஓட்டுபவன் மேலும் முறுக்குகிறான். கிடைப்பதோ கொஞ்சம்; அதற்குக் கொடுக்கும் விலையோ ஏழு மடங்கு.

பனைமரத்தின் உச்சி

ஜூல் கணக்கு மனத்தில் பதியாது. அதை உயரமாக மாற்றிப் பார்ப்போம். எந்த உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது அதே வேகம் கிடைக்கும்? வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்தால் விடை வரும்.

40 கி.மீ. வேகம் என்பது 6 மீட்டர் உயரம். இரண்டாம் மாடி அளவு. 60 கி.மீ. என்பது 14 மீட்டர். வளர்ந்த பனைமரத்தின் உச்சி. 80 கி.மீ. என்பது 25 மீட்டர். எட்டு மாடிக் கட்டடம்.

விளாத்திகுளம் பக்கத்தில் பனையேறுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். நாள்தோறும் ஏறிப் பழகியவரானாலும் உச்சியில் நிற்கும்போது அவர் உடம்பு மரத்தை விட்டு அகலாது. கால் எங்கே, கை எங்கே என்ற கவனம் ஒரு கணமும் தவறாது. ஏனென்றால் உயரம் கண்ணுக்குத் தெரிகிறது. அதே உயரத்துக்குச் சமமான வேகத்தில் போகும் இளைஞன் கைப்பிடியை விட்டுவிட்டுச் செல்பேசியை எடுக்கிறான். ஏனென்றால் அவன் ஏறியிருக்கும் பனை கண்ணுக்குத் தெரியவில்லை.

நிற்க எத்தனை மீட்டர்?

பிரேக் பிடித்தால் வண்டி உடனே நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இதில் இரண்டு தூரங்கள் அடங்கியுள்ளன. ஆபத்தைக் கண்டு, அது இன்னதென்று உணர்ந்து, கையும் காலும் பிரேக்கை அழுத்தும்வரை வண்டி பழைய வேகத்திலேயே ஓடுகிறது. இதற்கு ஒரு வினாடி என்று கொள்வோம். இது "உணரும் தூரம்". அதன் பிறகு ஓடி நிற்பது "பிரேக் தூரம்". காய்ந்த தார்ச்சாலையில் வினாடிக்கு வினாடி 6 மீட்டர் வீதம் வேகம் குறைவதாகக் கொண்டால் கிடைக்கும் விடைகள் இவை:

40 கி.மீ. வேகம்: உணரும் தூரம் 11 மீ., பிரேக் தூரம் 10 மீ., மொத்தம் 21 மீ.
60 கி.மீ. வேகம்: 17 மீ., 23 மீ., மொத்தம் 40 மீ.
80 கி.மீ. வேகம்: 22 மீ., 41 மீ., மொத்தம் 63 மீ.
100 கி.மீ. வேகம்: 28 மீ., 64 மீ., மொத்தம் 92 மீ.

வேகம் 40லிருந்து 80 ஆக இருமடங்காகும்போது நிற்கும் தூரம் மூன்று மடங்காகிறது. பிரேக் தூரம் மட்டும் பார்த்தால் நான்கு மடங்கு.

இப்போது ஒரு கேள்வி. இரண்டு வண்டிகள் அருகருகே வருகின்றன. ஒன்று 60, மற்றொன்று 80. சரியாக 40 மீட்டர் தொலைவில் ஒரு தடை. இருவரும் ஒரே கணத்தில் காண்கிறார்கள். முதல் வண்டி தடையைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. இரண்டாவது வண்டி தடையில் மோதும்போது அதன் வேகம் என்ன? "20 கி.மீ. இருக்கும்" என்றுதான் வகுப்பில் பெரும்பாலோர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 80 கி.மீ. வேகக்காரர் உணரும் தூரத்திலேயே 22.2 மீட்டர் தாண்டிவிட்டார். பிரேக்குக்கு மிஞ்சியது 17.8 மீட்டர்தான். அதற்குள் வேகம் வினாடிக்கு 22.2 மீட்டரிலிருந்து 16.7 மீட்டராகத்தான் குறைகிறது. அதாவது மணிக்கு 60 கி.மீ.! ஒருவர் நின்றுவிட்ட இடத்தில் மற்றவர் பனைமரத்தின் உச்சியிலிருந்து விழுகிறார்.

கணக்குத் தெரிந்த மாணவன்

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஒரு மாணவன் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் ஒரு பிழையுமின்றிப் போட்டான். அதே ஆண்டு பங்குனி மாதத்தில் ஓர் இரவு, தன் சித்தப்பா மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கோவில் கொடைக்குப் போய்விட்டுத் திரும்பினான். ஊருக்கு வெளியே, பருத்திமார் ஏற்றிய டிராக்டர் ஒன்று டயர் வெடித்துச் சாலையிலேயே நின்றிருந்தது. பின்விளக்கு இல்லை, ஒளி காட்டும் சிவப்பு வில்லையும் இல்லை. இவன் வந்த வேகம் 80.

மோட்டார் சைக்கிளின் தாழ்ந்த வெளிச்சத்தில், விளக்கில்லாத கருத்த பொருள் சுமார் 40 மீட்டர் அருகே வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிறது என்று கொள்ளுங்கள். மேலே உள்ள எண்களை மறுபடி பாருங்கள். 80இல் நிற்க 63 மீட்டர் வேண்டும். வெளிச்சம் காட்டியது 40. அவன் பார்த்த கணத்திலேயே விடை எழுதப்பட்டுவிட்டது. அவனுக்குக் கால் முறிந்தது. பின்னால் இருந்த சிறுவன் பிழைக்கவில்லை.

ஓராண்டு கழித்து ஊன்றுகோலுடன் கல்லூரிக்கு வந்தவன் என்னிடம் கேட்டான்: "பிரேக் பிடிச்சேன் சார், நிக்கல. எனக்குத்தான் கணக்குத் தெரியுமே சார், அப்புறம் ஏன் அப்படி ஓட்டினேன்?"

அன்று எனக்குப் பதில் வரவில்லை. பிறகு யோசித்தேன். அவன் மூளைக்குக் கணக்குத் தெரியும். அவன் உட்செவிக்குத் தெரியாது. நேரான சாலை, சீரான வேகம், குளிர்ந்த காற்று. உடம்பு "எல்லாம் சரி" என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஆபத்து ஏறும்போது உடம்பு எச்சரிக்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். தீயைத் தொட்டால் சுடுகிறது. உயரத்தில் நின்றால் தலை சுற்றுகிறது. சீரான வேகத்துக்கு அப்படி ஓர் எச்சரிக்கை மணி நம் உடம்பில் இல்லை. இல்லாத மணிக்குப் பதிலாகத்தான் வேகமானியும் விதிகளும் இருக்கின்றன. இருட்டில் உங்கள் விளக்கு காட்டும் தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகமே உங்கள் வேகம். இந்த ஒரு விதியை மட்டுமாவது மறவாதீர்கள்.

கரிசல் செய்யும் வேலைகள்

மேலே சொன்ன கணக்கு காய்ந்த, சுத்தமான சாலைக்கு உரியது. நம் வட்டாரச் சாலை எப்போதும் அப்படி இருப்பதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் மண் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீரை உறிஞ்சிப் பருக்கும் நுண்ணிய களிமண் அதில் மிகுதி. காட்டிலிருந்து ஏறும் டிராக்டர்கள் சக்கரத்தில் அப்பிய மண்ணைச் சாலையில் பதித்துச் செல்கின்றன. தூறல் விழுந்ததும் அது டயருக்கும் தாருக்கும் நடுவே வழவழப்பான படலமாகிறது. உராய்வு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால் பிரேக் தூரம் மூன்று மடங்காகும். 60 கி.மீ. வேகத்தில் 40 மீட்டரில் நின்ற வண்டிக்கு இப்போது 86 மீட்டர் தேவை.

அறுவடைக் காலத்தில் சோளத்தையும் கம்பையும் உளுந்தையும் சாலையில் பரப்பி, ஓடும் வண்டிகளையே கதிரடிக்க விடுவது நம் பக்கத்து வழக்கம். சம்சாரிக்குக் களம் கிடைப்பதில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் உருண்டையான தானிய மணிகள் டயருக்கடியில் பால்பேரிங் குண்டுகளைப் போல உருளும் என்பதை இரு சக்கரத்தில் வருபவர் அறிந்திருக்க வேண்டும். அதன்மேல் பிரேக் பிடிக்கக் கூடாது, திருப்பவும் கூடாது. தொலைவிலேயே வேகத்தைக் குறைத்து நேராகக் கடக்க வேண்டும்.

மூன்றாவது, காற்று. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் காற்றைக் கயத்தாற்றுக் காற்றாலைகள் மின்சாரமாக்குகின்றன. அதே காற்று மோட்டார் சைக்கிளையும் பக்கவாட்டில் தள்ளுகிறது. அதைச் சமாளிக்க ஓட்டுபவர் தம்மையறியாமல் வண்டியைக் காற்று வரும் திசையில் இரண்டு மூன்று பாகை சாய்த்தே ஓட்டுகிறார். கயத்தாற்றிலிருந்து கோவில்பட்டி நோக்கி, அதாவது வடக்கே செல்கிறீர்கள் என்று கொள்ளுங்கள். காற்று இடப்பக்கமிருந்து வருகிறது; வண்டி இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. முன்னால் செல்லும் பேருந்தை வலப்புறமாக முந்துகிறீர்கள். பேருந்து காற்றை மறைத்தவுடன் தள்ளும் விசை மறைந்துவிடுகிறது. சாய்வு மட்டும் எஞ்சுகிறது. வண்டி பேருந்தை நோக்கியே இழுபடும்! பேருந்தைத் தாண்டியதும் காற்று மீண்டும் எதிர்த்திசையில் அறையும். "பஸ் உறிஞ்சி இழுத்துவிட்டது" என்று சொல்வார்களே, அதன் பெரும் பகுதி இதுதான்.

வளைவில் நடப்பது

சைக்கிளில் இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் கைப்பிடியை இடப்பக்கம்தானே திருப்புவீர்கள்? உற்றுக் கவனித்தால், முதலில் ஒரு கணம் வலப்பக்கம் திருப்புகிறீர்கள்! சக்கரம் வலப்பக்கம் நகர, உடம்பும் வண்டியும் இடப்பக்கம் சாய்கின்றன. அதன் பிறகே வண்டி இடப்பக்கம் வளைகிறது. விமானத்தைக் கண்டறிந்த ரைட் சகோதரர்களில் மூத்தவரான வில்பர் ரைட், சைக்கிள் ஓட்டுபவர்களிடம் இதைக் கேட்டுப் பார்த்து, அவர்கள் தாங்கள் செய்வதைத் தாங்களே அறியாதிருப்பதைக் கண்டு வியந்தார்.

சாய்ந்த வண்டியை வட்டப் பாதையில் இழுத்து நிறுத்தும் மையநோக்கு விசை எங்கிருந்து வருகிறது? டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்விலிருந்து. தேவைப்படும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 40 கி.மீ. வேகத்தில் செல்ல வண்டியை 23 பாகை சாய்த்தால் போதும். 60 கி.மீ. வேகத்துக்கு 43 பாகை சாய்க்க வேண்டும். அதற்கு உராய்வுக் குணகம் 0.94 வேண்டும். நல்ல சாலையிலும் 0.7 கிடைத்தாலே பெரிது. 0.7 என்றால் அந்த வளைவில் எல்லை வேகம் 52 கி.மீ. ஈரக் கரிசல் படிந்து குணகம் மூன்றில் ஒரு பங்கானால் எல்லை 30 கி.மீ. தான்.

இன்னொன்றும் உண்டு. உராய்வு என்பது சட்டைப்பையில் உள்ள பணம் போன்றது. வளைவதற்கே முழுவதும் செலவழித்துவிட்டால் பிரேக்குக்கு ஒன்றும் மிஞ்சாது. வளைவின் நடுவில் பயந்து பிரேக் பிடிப்பவர்கள் வழுக்கி விழுவது இதனால்தான். பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடிக்க வேண்டும்.

எந்தப் பிரேக்?

"முன்பிரேக் பிடித்தால் கவிழ்ந்துவிடும்" என்று சொல்லி, பின்பிரேக்கை மட்டும் மிதிப்பவர்கள் பலர். வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்துக்கு மாறுகிறது. நாம் எடுத்துக்கொண்ட வண்டியில் பலமாகப் பிரேக் பிடிக்கும்போது மொத்த எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு முன்சக்கரத்தின் மேல் வந்துவிடும். எடை எங்கேயோ பிடிப்பு அங்கே. ஆகவே பின்பிரேக்கை மட்டும் நம்பினால் நிற்கும் தூரம் மிகவும் நீண்டுவிடும். பின்சக்கரம் இறுகி வழுக்கவும் செய்யும். வண்டி நேராக இருக்கும்போது இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்துவதே முறை. சக்கரம் இறுகிப் போகாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். என்னும் அமைப்பு 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் கட்டாயமாயிற்று. அது சக்கரம் வழுக்காமல் காக்குமே தவிர, வர்க்க விதியை மாற்றாது.

ஐந்து மில்லிமீட்டரும் இருபத்தைந்து மில்லிமீட்டரும்

1935 மே 13 அன்று இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளில் சென்ற ஒருவர், எதிர்பாராமல் எதிர்ப்பட்ட இரண்டு சைக்கிள் சிறுவர்கள் மீது மோதாமல் விலக முயன்று தூக்கி எறியப்பட்டார். அவர் "அரேபியாவின் லாரன்ஸ்" என்று புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ். தலையில் அடிபட்டு ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவரான ஹியூ கேர்ன்ஸ் என்ற மூளை அறுவை மருத்துவரை அந்தச் சாவு வாட்டியது. மோட்டார் சைக்கிள் விபத்துகளில் தலைக்காயங்களை அவர் ஆராய்ந்து 1941இல் வெளியிட்டார். அவ்வாண்டே பிரிட்டிஷ் இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் தூதர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. அந்நாட்டுப் பொதுமக்களுக்கு அது சட்டமானது 1973இல்.

தலைக்கவசம் என்ன செய்கிறது? விழும் தலையை மெதுவாக நிறுத்துகிறது, அவ்வளவுதான். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தலை தரையில் மோதுவதாகக் கொள்வோம். வெறுந்தலை ஐந்து மில்லிமீட்டருக்குள் நின்றுவிடுமானால், எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 300 மடங்கு. ஒன்றரை மீட்டரை ஐந்து மில்லிமீட்டரால் வகுத்துப் பாருங்கள். தலைக்கவசத்தின் உள்ளே உள்ள தெர்மோகோல் போன்ற திண்டு நசுங்கி, தலை 25 மில்லிமீட்டரில் நிற்குமானால் அது 60 மடங்காகக் குறைகிறது. நசுங்குவதுதான் அதன் வேலை. நசுங்கிய திண்டு மீளாது. ஆகவே ஒருமுறை அடிபட்ட தலைக்கவசத்தை மீண்டும் அணியக் கூடாது. கன்னத்து வாரைப் பூட்டாவிட்டால் முதல் குலுக்கலிலேயே அது தனியே பறந்துவிடும். முழங்கையில் மாட்டிய தலைக்கவசம் முழங்கையைத்தான் காக்கும்!

பல ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு, தலைக்கவசம் சாகும் வாய்ப்பை 42 விழுக்காடும் தலைக்காயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது என்று கண்டது. டிராக்டரில் மோதிய அந்த இருவரில் ஓட்டியவன் தலைக்கவசம் அணிந்திருந்தான். பின்னால் இருந்தவன் அணியவில்லை.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் 44.5 விழுக்காட்டினர், அதாவது ஏறக்குறைய 75,000 பேர், இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். நாளொன்றுக்கு 200 பேருக்கு மேல்.

சட்டமும் நீங்களும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டவே 16 வயது நிரம்ப வேண்டும். மற்ற மோட்டார் சைக்கிள்களுக்கு 18. 2019இல் வந்த திருத்தத்தின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் பெறலாம். அந்தச் சிறுவருக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. அப்பாவின் சாவியை எடுக்கும் கை, அப்பாவையும் சேர்த்துத்தான் இழுத்துச் செல்கிறது.

அப்படியானால் சிலிர்ப்பே கூடாதா? ஏன் கூடாது? பொங்கலுக்குப் புளியமரத்தில் கட்டும் ஊஞ்சலில் எத்தனை வேகம் இருந்துவிடப் போகிறது? ஆனால் வேகமும் திசையும் கணந்தோறும் மாறுவதால் வயிறு குலுங்கச் சிரிக்கிறோம். பந்தயம் ஓடும் சைக்கிள், வைப்பாற்று மணலில் குதிக்கும் விளையாட்டு எல்லாம் முடுக்கம் தரும் இன்பமே. சிலிர்ப்பு முதல் இருபதிலேயே நிறையக் கிடைக்கிறது. அதற்கு மேல் வாங்குவதெல்லாம் பெரும்பாலும் ஆபத்து மட்டுமே.

செய்து பாருங்கள்

1. நண்பர் ஓர் அடிக்கோலைச் செங்குத்தாகப் பிடிக்கட்டும். அதன் கீழ்முனையில் உங்கள் விரல்களைத் தொடாமல் வைத்திருங்கள். அவர் சொல்லாமல் விட்டதும் பிடியுங்கள். 20 செ.மீ. நழுவியிருந்தால் உங்கள் மறுவினை நேரம் சுமார் 0.2 வினாடி. அடிக்கோல் விழப்போவது உங்களுக்கு முன்பே தெரியும். சாலையில் அப்படித் தெரியாது. ஆகவேதான் ஒரு வினாடி என்று கொண்டோம். உங்களிடம் ஒருவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மறுபடி அளந்து பாருங்கள்.

2. பள்ளி மைதானத்தில் 21, 40, 63 மீட்டர் தூரங்களை அளந்து கொடி நடுங்கள். தொடக்கப் புள்ளியில் நின்று கடைசிக் கொடியைப் பாருங்கள். 80 கி.மீ. வேகத்தில் வருபவருக்குத் தேவையான இடம் அது.

3. ஈரக் கரிசல் படிந்த சாலையில் எதிர்முடுக்கம் வினாடிக்கு வினாடி 2 மீட்டர் என்றால், 50 கி.மீ. வேகத்தில் வருபவர் நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்? (விடை: 62 மீட்டர்.)

4. காய்ந்த சாலையில் இரவில் 70 கி.மீ. வேகத்தில் வருபவர், 40 மீட்டர் தொலைவில் விளக்கில்லாத வண்டியைக் காண்கிறார். எந்த வேகத்தில் மோதுவார்? (விடை: ஏறக்குறைய 41 கி.மீ.; அதாவது ஆறரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம்.)

நான்காவது கணக்கைக் கரும்பலகையில் மட்டும் போட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டில் வண்டி ஓட்டும் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ அத்தைக்கோ இன்று இரவு உட்கார்ந்து போட்டுக் காட்டுங்கள்.